கல்வராயன் மலையில் நாலு நாள்: கண்டக்டர் வீட்டில் புகை வராத காலை

ரிட்டயர்டு ஆனதும் மலைமேல் சின்னதாக ஒரு வீடு, கரண்ட் பில் இல்லை, பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் இல்லை, தனியாக நிம்மதியாக இருந்துவிடலாம் என்று கனவு காண்கிறவர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்டு எழுதுகிறீர்கள். நிஜமாகவே அப்படி இருக்கிற ஒருவருடைய வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன், முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

போனது இந்த வருடத் தை மாதம், பொங்கல் முடிந்த அடுத்த புதன்கிழமை. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு மனுஷன் இருந்த இடத்திலேயே இருக்கலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்லப் போனேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நான் முப்பத்தோரு வருடம் அரசு பஸ் ஓட்டியவன். அதில் பதினாலு வருடம் கள்ளக்குறிச்சி–வெள்ளிமலைத் தடம். அந்தப் பதினாலு வருடமும் எனக்குக் கண்டக்டர் அண்ணாமலைதான். கட்டிய மனைவியோடு பேசியதைவிட அவரோடுதான் ஜாஸ்தி பேசியிருப்பேன்.

அண்ணாமலை மலையிலேயே பிறந்தவர். வேலைக்காகக் கீழே இறங்கி, கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் காலம் தள்ளியவர். மனைவி தவறிப்போனார். ரிட்டயர்டு ஆன பிறகு சென்னையில் மகள் மஞ்சுளா வீட்டில் அஞ்சு மாதம் இருந்தார். போன ஆவணியில் திடீரென்று மூட்டையைக் கட்டிக்கொண்டு, மலையில் அப்பா விட்டுப்போன நிலத்துக்கே போய்விட்டார். கரண்ட் கம்பி போகாத இடம். வயது அறுபத்து நாலு, துணைக்கு ஒரு நாய்கூட இல்லை.

கார்த்திகையில் பாறை வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மகளுக்கு விஷயம் தெரிந்தது பத்து நாள் கழித்து. அன்றிலிருந்து அவள் எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். “பத்து நாளு யாருக்கும் தெரியாம கெடந்திருக்காரு பெரியப்பா. நான் சொன்னா கேக்கல. நீங்க சொன்னா கேப்பாரு. கூட்டினு வந்துடுங்க” என்றாள். அழுதாள். கூடவே ஒரு கேஸ் அடுப்புக்கும் பணம் அனுப்பினாள், இறங்குகிற வரைக்குமாவது புகையில் கிடந்து இருமாமல் இருக்கட்டும் என்று.

இந்தக் கேஸ் அடுப்பால் என் பயணத் திட்டமே மாறியது. நீங்கள் போவதாக இருந்தால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காலை 5.50 வண்டியைப் பிடியுங்கள். கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கரியாலூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய், எனக்குப் பாஸ். ஆனால் சிலிண்டரைப் பஸ்ஸில் ஏற்றக்கூடாது. எத்தனை பேரை நானே நடு வழியில் இறக்கிவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்! அதனால் தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, ஐந்து கிலோ சிலிண்டரும் அடுப்பும் வாங்கி, ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு லோடு வண்டி பேசினேன். கிளம்பியது 8.20.

மலைப்பாதையில் இன்னொருத்தர் ஓட்ட, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை பழைய டிரைவருக்கு வேறில்லை. ரெண்டாவது கியரில் ஏற வேண்டிய வளைவில் அந்தத் தம்பி மூணில் இழுத்தார். வண்டி முனகியது. என் வலது கால் தானாகவே தரையை மிதித்தது.

“இன்னா சார், பயமா?” என்றார்.

“பயம் இல்ல தம்பி. வண்டி அழுவுது, கேக்கலியா?”

அதற்குப் பிறகு கரியாலூர் வரை அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் ரெண்டிலேயே ஏறினார். 9.45க்குக் கரியாலூரில் டீ குடித்தோம். அங்கிருந்து இன்னொரு பதினோரு கிலோமீட்டர், கடைசி நாலு கிலோமீட்டர் கல் ரோடு. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணாமலை கேட்டுக்கொண்டார். போட்டால் சனி ஞாயிறு ஆளுக்கொரு பாட்டிலோடு வந்துவிடுவீர்களாம்.

ரோடு முடிகிற இடத்தில் அண்ணாமலை நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார், கறுத்திருந்தார். கையில் வாட்ச் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. “டிரைவரே, வண்டி இருவது நிமிசம் லேட்டு” என்றார். சிலிண்டரைப் பார்த்துவிட்டு, “மஞ்சுளா அனுப்பிச்சாளா?” என்று கேட்டார். தலைக்குத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துத் தூக்கிக்கொண்டார். அடுப்பு என் தோளில் ஏறியது.

வீட்டுக்கு ரெண்டரை கிலோமீட்டர் ஏற்றம். ஒண்ணே முக்கால் கிலோமீட்டரில் இருபது வீடுள்ள ஒரு சின்ன ஊர் வருகிறது. அதைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர் மேலே, சரிவில் ஒற்றையாக அவர் வீடு. ஊரைத் தாண்டும்போது எல்லோரும் சிலிண்டரையே பார்த்தார்கள். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மூட்டு வலி உள்ளவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

வீடு ஒரே அறை, மண் சுவர், மேலே நாட்டு ஓடு. ஓட்டின் மேல் ஒரு சோலார் தகடு. அதில் ஒரு பல்பு எரியும், ஒரு போன் சார்ஜ் ஆகும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் பல்பும் எரியாது. தண்ணீர், மேலே உள்ள சுனையிலிருந்து கறுப்பு ஓஸ் பைப் போட்டுத் தானாகவே இறங்கி வருகிறது. அரிசி, பருப்பு மாதம் ஒருமுறை கீழேயிருந்து. சாமையும் மரவள்ளியும் அவர் நிலத்திலேயே விளைகிறது. போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் பின்பக்கப் பாறைமேல் கால் மணி நேரம் ஏற வேண்டும். மகளுக்கு மாதத்துக்கு ஒரு தடவைதான் ஏறிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டு எனக்கே கோபம் வந்தது.

வந்த காரியத்தை மறைக்கவில்லை. சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன். அவரும் சுற்றி வளைக்கவில்லை.

“நாலு நாளு இருங்க டிரைவரே. நல்லா பாருங்க. கெளம்பறப்போ நீங்க எறங்குன்னு சொன்னா, பையை எடுத்துக்கினு உங்க பின்னாலயே வந்துடறேன். இருன்னு சொன்னா, மஞ்சுளாகிட்ட நீங்கதான் பேசணும்.”

பதினாலு வருடத்தில் அவர் சொன்ன வார்த்தை மாறியதில்லை. ஒரு ஆளுடைய மீதி வாழ்க்கையை என் மடியில் தூக்கி வைத்துவிட்டு, நிம்மதியாக மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை விறகு அடுப்பை அவரே மூட்டினார். ஓட்டு இடுக்கில் புகை போவதற்குள் பாதி என் நெஞ்சுக்குள் போய்விட்டது. புதுக் கேஸ் அடுப்பு மூலையில் பிரிக்காமல் கிடந்தது. அன்று முழுக்க அவர் பின்னால் நடந்தேன். மற்ற நேரம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு நீளமான வேலை என்று அங்கேதான் தெரிந்தது. பதினோரு மணி என்று நினைத்து வாட்சைப் பார்த்தால் 9.10. அவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு மண்வெட்டிக் காம்பைச் செதுக்கவே ஒரு முழு மத்தியானத்தை எடுத்துக்கொண்டார். மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை, வலது கை வேலையில் பாதியை இடது கை செய்தது. அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வரைக்கும் என் தீர்ப்பு, இறங்கு என்பதுதான்.

வெள்ளிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. காட்டுப் பன்றி பைப்பைக் கிழித்திருக்கும் என்று சொல்லி, அண்ணாமலை விடியும் முன்பே சுனைக்குக் கிளம்பிவிட்டார். “டீ போட்டு வைங்க, வந்துடறேன்” என்றார். நான் எழுந்து விறகைப் பார்த்தேன். என் நெஞ்சைப் பார்த்தேன். பேசாமல் கேஸ் அடுப்பைப் பிரித்து மாட்டிவிட்டேன். 6.15க்கு டீ தயார். புகை இல்லை, கண்ணெரிச்சல் இல்லை. மஞ்சுளா எவ்வளவு புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு, டம்ளரோடு வாசலில் உட்கார்ந்தேன்.

எதிர்ப் பாறையில் வெயில் விழுந்தது 6.50க்கு. 7.10க்குக் கீழேயிருந்து சத்தம் கேட்டது. ஏழு பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நடக்கவில்லை, ஓடி வந்தார்கள். முன்னால் ஐம்பது வயதுள்ள ஒரு பெண். பின்னால் ரெண்டு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்தார்கள். இன்னொருவர் கையில் நனைத்த சாக்கு. கடைசியில் வந்த பெண்மணி அழுதுகொண்டே வந்தார்.

நான் எழுந்து நின்றேன். முன்னால் வந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் டம்ளரைப் பார்த்தாள். ஓட்டைப் பார்த்தாள்.

“மாமா எங்க?”

“சுனைக்குப் போயிருக்காரு. இன்னா ஆச்சி?”

“இன்னா ஆச்சா? நீங்க உசுரோட நிக்கிறீங்களே, அது ஆச்சி!”

அவள் பெயர் அலமேலு. கீழ் ஊரில் அண்ணாமலைக்கு அக்கா மகள் முறை. மூச்சு வாங்கி முடித்ததும் என்னை உட்கார வைத்துத் திட்டினாள். திட்டியதிலிருந்துதான் விஷயமே புரிந்தது. அந்த ஊரில் வெயில் எதிர்ப் பாறையில் விழுவதற்குள் ஒவ்வொரு வீட்டு ஓட்டிலும் புகை வந்துவிட வேண்டும். வராத வீட்டை யார் முதலில் பார்த்தாலும் கூப்பாடு போட வேண்டும், பத்து நிமிடத்தில் ஆள் போக வேண்டும். அண்ணாமலையின் ஒற்றை வீடு அலமேலு வாசலுக்கு நேர் மேலே தெரிகிறது, அதனால் அதைப் பார்ப்பது அவள் பொறுப்பு. நான் சிலிண்டர் கொண்டுபோனதை ஊரே பார்த்திருந்தது. இன்றைக்குப் புகை வரவில்லை. கேஸ் கசிந்து ரெண்டு பேரும் மூச்சு முட்டிக் கிடக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கட்டில் அதற்கு. ஒரே கட்டிலில் யாரை முதலில் ஏற்றுவது என்று வழியிலேயே பேசிக்கொண்டு வந்தார்களாம்.

“யார ஏத்தறதா இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“மாமாவத்தான். நீங்க வெளியூரு” என்றாள். சிரிக்கவில்லை.

அண்ணாமலை சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், உள்ளே போய்க் கேஸ் அடுப்பைப் பார்த்தார். விறகு அடுப்பை மூட்டினார். புகை ஓட்டுக்கு மேலே போன பிறகுதான் அந்த ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். கேஸில் போட்ட டீயைக் குடித்தார்கள், அதில் ஒன்றும் தகராறு இல்லை. “சொல்லியிருக்கணும் டிரைவரே. எனக்கே தோணல. காலையில எழுந்தா மூச்சு விடணும்னு யாராச்சும் சொல்லித் தருவாங்களா?” என்றார் அண்ணாமலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கத்தோடு முடியவில்லை. வீணாக ஏற வைத்தவர்கள், ஏறி வந்தவர்களுக்கு அரை நாள் உழைக்க வேண்டுமாம், அதுவும் அங்கே வழக்கம். அன்றைக்கு அலமேலு காட்டில் மரவள்ளி பிடுங்கினார்கள். அண்ணாமலையும் நானும் போனோம். அறுபத்தாறு வயதில் முதல் முறையாக மரவள்ளி பிடுங்கினேன். செடியைப் பிடித்து நேராக இழுக்கக்கூடாது, ஆட்டி ஆட்டித் தூக்க வேண்டும். நான் நேராக இழுத்து நாலு கிழங்கை உள்ளேயே முறித்தேன். “கியர் மாத்தறமாரி ஆட்டுண்ணே” என்று அலமேலு சொன்ன பிறகு கொஞ்சம் வந்தது.

கிழங்கு வெட்டும்போதுதான் கார்த்திகை விஷயத்தைச் சொன்னாள். “அன்னிக்கும் பொக வரல. போய்ப் பாத்தா வூட்டுக்குப் பின்னால கையப் புடிச்சிக்கினு குந்தினு இருக்காரு. இந்தக் கட்டில்லதான் தூக்கினு போனோம். கரியாலூர் ஆஸ்பத்திரிக்கு ஒம்போது மணிக்கெல்லாம் போய்ட்டோம்.”

“பொண்ணு பத்து நாளு யாருக்குமே தெரியாதுன்னு சொல்றாளே?”

“அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். சொல்லாதன்னு மாமாதான் வாயக் கட்டிப்புட்டாரு.”

அன்று சாயங்காலம் அண்ணாமலையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. “சரி, காலையில பொக பாக்கறாங்க. ஒம்போது மணிக்கு அடுப்ப அணைச்சிட்டு வுழுந்தா?”

“அப்போ மறுநாள் காலையிலதான் வருவாங்க.”

“அதுவரைக்கும்?”

“கெடக்க வேண்டியதுதான்” என்றார். கொஞ்சமும் பதட்டமில்லாமல், அடுத்த ஸ்டாப்பிங் பெயரைச் சொல்வது மாதிரி சொன்னார். என்னால் அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தூக்கம் சரியாக வரவில்லை.

சனிக்கிழமை காலை, புகை எழுந்த பிறகு, ரெண்டு பேரும் பாறைமேல் ஏறினோம். நான் மஞ்சுளாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். புகை, கட்டில், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாள் மறைத்தது அப்பாவின் தப்பு என்றும் சொன்னேன். இனி புதனும் ஞாயிறும் பாறை ஏறிப் பேச வேண்டும், வழுக்குகிற மழை நாளில் அலமேலு வீட்டில் படுக்க வேண்டும், இதற்கு ஒப்புக்கொண்டால் அவர் இங்கேயே இருக்கலாம் என்பது என் முடிவு என்றேன். அண்ணாமலை தலையாட்டினார்.

மஞ்சுளாவின் குரல் மெதுவாக வந்தது. “எல்லாம் சரி பெரியப்பா. ஊர்க்காரங்க பாத்துக்கறாங்க. நான் பாத்துக்க மாட்டனா? என் வீட்ல அவருக்கு இன்னா கொறை?”

போனை அண்ணாமலையிடம் நீட்டினேன். அறுபது பேர் நெருக்கும் வண்டியில் கூச்சமில்லாமல் பேசியவர், ஒரு மகளிடம் பேசத் தடுமாறினார்.

“கொறையே இல்லமா. ஒருநாள் எனக்கு ஜொரம் வந்துச்சி. கதவு சாத்தியிருந்தது. அப்பா தூங்கறாருன்னு சத்தம் போடாம எல்லாரும் கெளம்பிட்டீங்க. நீ சாயங்காலம் ஏழு மணிக்கு வந்துதான் பாத்த. எழுந்து கூப்புட முடியல எனக்கு. உம்மேல தப்பில்ல. ஓடற பொழப்பு. நீயும் இன்னா பண்ணுவ?”

“அன்னிக்குக் காலையிலருந்தேவாப்பா?”

“வுடுமா.”

அவள் அழுதது பாறைமேல் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. அவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, “வுடுமா, வுடுமா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதற்குப் புகை காரணமில்லை. கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். மாசியில் லீவு போட்டு வந்தால் தங்க இடம் இருக்குமா என்று. “கீழ ஒரு பாய் போட்டா ஆச்சி” என்றார் அவர்.

11.30க்கு இறங்கினேன். என் பின்னால் அவர் பையோடு வரவில்லை. ரோடு வரைக்கும் வெறுங்கையோடு வந்து, கரியாலூர் போகிற ஒரு ஜீப்பில் என்னை ஏற்றிவிட்டார். ஜீப்புக்கு எழுபது ரூபாய். கரியாலூரில் 2.15 பஸ். கள்ளக்குறிச்சிக்கு 3.40, ஐந்து நிமிடம் தாமதம்.

இதே மாதிரி வாழ நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மலையில் நிலம் வாங்கலாம் என்று புரோக்கர் யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். அது மலை மக்களின் நிலம், சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். முதலில் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள், தை மாதத்தில் எல்லா மலையும் அழகாகத்தான் இருக்கும். சோலாரில் ஃபேன், மிக்ஸி ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை மூணு மாதத்துக்குக் கையில் இருக்க வேண்டும். வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த வீட்டை யார் வாசலிலிருந்து பார்க்க முடியும் என்று பாருங்கள். யாருக்கும் தெரியாத இடம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் தயவுசெய்து போக வேண்டாம்.

இன்னும் ஒன்று. நான் தியாகதுருகத்தில் மகன் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறேன். பழைய டூட்டிப் பழக்கத்தில் நாலு மணிக்கு எழுந்து, கீழே யாரையும் எழுப்பக்கூடாது என்று மாடியிலேயே காபி போட்டுக்கொள்வேன். மலையிலிருந்து வந்த மூணாம் நாள் ஒரு சோதனை செய்தேன். விழிப்பு வந்தும் எழுந்திருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தலைமாட்டில் வாட்சை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஏழு மணி ஆனது, எட்டானது. மகன் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனது கேட்டது. 11.20க்கு மருமகள் சுதா துணி காயப்போட மேலே வந்தவள், ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“மாமா! உடம்புக்கு இன்னா? ஏன் ஒரு குரல் குடுக்கல?”

உண்மையைச் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “எங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நீங்க மேலயே காபி போட்டுக்கறீங்க. உங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நாங்க மேல வர்றதில்ல. நாலு வருசமா இப்படியே இருந்துக்கினு இருக்கோமே மாமா” என்றாள்.

மறுநாளிலிருந்து காலை 6.10க்குக் கீழே இறங்கி அவர்களோடு காபி குடிக்கிறேன். 6.20க்குள் நான் இறங்காவிட்டால் அவள் மேலே ஏறி வருவாள். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.